தும்பி தேடிப் போவோமா?



சிறு வயதில் நீங்களும் தும்பி பிடித்திருப்பீர்கள். வேலியோரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்று, இரண்டு விரல்களால் அதன் வாலைப் பற்றி, உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சொல்லாமல் எடுத்த நூலை அதில் கட்டிப் பறக்க விட்டிருப்பீர்கள். சின்னக் கல்லொன்றைத் தூக்க வைத்துக் கைதட்டிச் சிரித்தும் இருப்பீர்கள். அந்தத் தும்பி பிறகு என்னவாயிற்று என்று நாம் எவரும் கேட்டதில்லை. அது எங்கிருந்து வந்தது என்றும் கேட்டதில்லை.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. கேட்க வைத்தவள் ஒன்பதாந் தரத்தில் படிக்கும் என் மகள்.

"உம்மா, சனிக்கிழமை எங்கட டீச்சர் ஓடைக்கு வரச் சொன்னா. தும்பி எண்ணப் போறோம். விருப்பமான உம்மாமாரும் வரலாமாம்" என்று ஒரு கடிதத்தை நீட்டினாள். பக்கத்திலிருந்த என் மாமி, "பொம்புளப் புள்ளைகளுக்கு வயக்கரையில என்ன வேல? தும்பிய எண்ணி என்ன செய்யப் போறீங்க?" என்றார். உண்மையைச் சொல்வதானால் எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தபோது மறுக்க மனம் வரவில்லை. "நானும் கூட வாறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அன்று காலை கண்டதையும் கற்றதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன். எமது ஊர் கண்டி மாவட்டத்தில் உள்ளது. ஆனால் நான் சொல்லப் போவதை நீங்கள் உங்கள் ஊர்க் குளத்தருகிலும் வாய்க்காலோரத்திலும் செய்து பார்க்கலாம்.

வெயில் வரட்டும்!

மாணவிகள் பதினான்கு பேர், தாய்மார் ஐவர், விஞ்ஞான ஆசிரியை, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் எமதூர் யுவதி ஒருவர் என எமது குழு சேர்ந்தது. காலை எட்டரை மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். சுபஹுக்குப் பிறகே கிளம்பினால் வெயிலுக்கு முன் வீடு திரும்பலாமே என்று நான் கேட்டேன். அந்த யுவதி சிரித்துக்கொண்டே சொன்னார்: "ராத்தா, வெயில் இல்லாவிட்டால் தும்பியும் இல்லை. அதன் உடம்பு சூடேறினால்தான் சிறகை அடித்துப் பறக்கும்." அதனால்தான் மழைமூட்டமான நாளில் தும்பிகள் எங்கோ ஒதுங்கிவிடுகின்றன. ஒன்பது மணியிலிருந்து நண்பகல் வரை அவற்றைத் தேட நல்ல நேரம். உச்சி வெயிலில் சில தும்பிகள் வாலை நேரே வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்பதை நீங்கள் கண்டிருக்கலாம். உடம்பின் மீது விழும் வெயிலைக் குறைத்துக்கொள்ள அவை கையாளும் உபாயம் அது.

நாங்கள் நான்கு ஐந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்தோம். ஒருவர் பார்த்துச் சொல்பவர், ஒருவர் படமெடுப்பவர், ஒருவர் கொப்பியில் எழுதுபவர். தாய்மாருக்கு ஒரு தனிப் பொறுப்பு: தும்பியைப் பார்க்காமல் பிள்ளைகளின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பது! படமெடுக்கும் ஆவலில் பின்னோக்கி நடந்து தண்ணீரில் விழுந்துவிடும் ஆபத்து உண்டல்லவா?

ஓடையின் மேற்பகுதி, நடுவில் வயல்வெளி, கீழே கடைவீதியின் பின்புறம் என மூன்று இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓரிடத்தில் ஒரு மணி நேரமும் மற்றோரிடத்தில் பத்து நிமிடமும் பார்த்தால் இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று ஆசிரியை விளக்கினார்.

நிழலும் பாறையும்

முதலிடத்தில் மரங்களுக்கிடையே ஓடை பாறைகளில் மோதி ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. "அசையாமல் ஓரிடத்தில் நின்று பாருங்கள்" என்றார் அந்த யுவதி. நின்றேன். வெறும் குச்சி என்று நான் நினைத்தது சிறகை விரித்தது!

அது ஊசித்தும்பி. தும்பிகளில் இரு பெரும் பிரிவுகள் உள்ளன என்பதை அன்றுதான் அறிந்தேன். உட்காரும்போது சிறகுகளை இருபுறமும் விரித்தபடியே வைத்திருப்பது தும்பி. அதன் கண்கள் பெரியவை, பெரும்பாலும் தலையுச்சியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். மெல்லிய உடம்போடு, உட்காரும்போது பெரும்பாலும் சிறகுகளை முதுகின் மேல் மடித்து வைத்துக்கொள்வது ஊசித்தும்பி. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் விலகி நிற்கும். இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் முதற்பாடம் முடிந்துவிட்டது எனலாம்.

வெயில் விழுந்த பாறையொன்றில் மகள் கண்ட ஊசித்தும்பியை நான் மறக்கவே மாட்டேன். மூடிய சிறகோடு கருமையாகத்தான் இருந்தது. திடீரென்று அது சிறகை விரித்தபோது பின்சிறகுகள் மயில் கழுத்துப் போலப் பச்சையாக மின்னின. ஒரே நொடி, மீண்டும் மூடிவிட்டது. நியூரோபேசிஸ் சைனென்சிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். ஓடும் தெளிந்த நீரை நாடும் இனம். பிள்ளைகள் அதற்குப் 'பச்சைச் சிறகு' என்று பெயர் சூட்டினார்கள். இத்தனை வருடங்களாக எமது ஓடையில் இப்படியொன்று இருந்திருக்கிறது, நான் கண்டதில்லை!

கைத்தொலைபேசி போதும்

படமெடுக்கப் பெரிய கமெரா வேண்டுமோ என்று நீங்கள் தயங்க வேண்டாம். எங்கள் குழுவில் இருந்தவை வீட்டுக் கைத்தொலைபேசிகள்தான். ஆனால் சில விடயங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

முதலில், தூரத்திலிருந்தே ஒரு படம் எடுத்து விடுங்கள். கிட்டப் போகும்போது பறந்துவிட்டாலும் கையில் ஒன்று இருக்கும். பிறகு ஓரோர் அடியாக, மெதுவாக, குனிந்தபடி நெருங்குங்கள். உங்கள் நிழல் அதன் மீது விழுந்தால் பறந்துவிடும். பறந்தாலும் கவலைப்படாதீர்கள். பல தும்பிகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே குச்சிக்குத் திரும்பி வரும். பொறுத்திருப்பவருக்கே படம் கிடைக்கும்.

ஒரு தும்பியை இனங்காண ஒரு படம் போதாது. பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, முகத்தை நோக்கி ஒன்று என மூன்றாவது வேண்டும். வால் நுனி தெளிவாக விழுந்தால் இன்னும் நல்லது. ஒத்த நிறமுடைய இனங்களைப் பிரித்தறிய அந்த நுனியிலுள்ள சிறு உறுப்புகள் உதவும். ஊசித்தும்பியின் உடம்பு மெல்லியதாகையால் தொலைபேசி அதனை விட்டுவிட்டுப் பின்னாலுள்ள இலைகளைத் தெளிவாகக் காட்டும். அப்போது பக்கத்தில் அதே தூரத்தில் உங்கள் கையை மெதுவாக நீட்டி, கையின் மீது தெளிவை அமைத்துக்கொண்டு பிறகு கையை எடுத்துவிடுங்கள். இதை எங்களுக்குக் காட்டித் தந்தவள் பத்தாந் தர மாணவி ஒருத்தி.

பிடிக்கத் தேவையில்லை, சிறகைத் தொடத் தேவையில்லை, கிளையை ஒடிக்கவும் தேவையில்லை. சரணாலயங்களிலும் தேசிய வனங்களிலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி எந்த உயிரினத்தையும் பிடிப்பது சட்டப்படி குற்றமாகும்.

வயல் வரம்பில் கிடைத்த விடை

வயல்வெளிக்கு வந்ததும் எழுதுபவர்களுக்குக் கை ஓயவில்லை. மிளகாய்ப் பழம் போலச் சிவந்த தும்பி, வரம்பின் மண்ணிலேயே உட்காரும் சாம்பல் நீலத் தும்பி, மஞ்சளும் கறுப்புமான சிறகோடு வண்ணத்துப்பூச்சி போலப் படபடக்கும் தும்பி. பச்சையும் கறுப்பும் வரியிட்ட ஒன்று, தன்னிலும் சிறிய வேறொரு தும்பியைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது! அதன் பெயர் ஓர்த்தெட்ரம் சபீனா. மற்றத் தும்பிகளையும் விட்டுவைக்காத வேட்டைக்காரி அது.

இங்கே பிள்ளைகள் ஒரு தவறும் செய்தார்கள். சிவப்புத் தும்பி ஒன்று, மஞ்சள் கலந்த மண்ணிறத் தும்பி ஒன்று என இரண்டு இனங்களாக எழுதிவிட்டார்கள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் என்று தெரிந்தது. தும்பிகளில் பலவற்றில் ஆணின் நிறம் வேறு, பெண்ணின் நிறம் வேறு. படம் இருந்தபடியால் தவறைத் திருத்த முடிந்தது. வெறும் எண்ணிக்கை மட்டும் இருந்திருந்தால் அந்தப் பிழை கொப்பியிலேயே தங்கியிருக்கும்.

நெற்பயிரின் தண்டொன்றில் ஏதோ காய்ந்த பூச்சி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். தொட்டுப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. முதுகு பிளந்த வெறும் தோல். என் சிறுவயதுக் கேள்விக்கு விடை அங்கேதான் இருந்தது.

தும்பி தண்ணீரிலிருந்து வருகிறது! தாய்த்தும்பி நீரிலோ நீர்த்தாவரங்களிலோ முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் குஞ்சைப் பாடசாலைப் புத்தகங்கள் அணங்கு என்று அழைக்கின்றன. அதற்குச் சிறகில்லை, அழகுமில்லை. சேற்றோடு சேறாகக் கிடக்கும். மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முன்னே நீட்டி நுளம்புக் குடம்பிகளையும் சிறு புழுக்களையும் பிடித்துத் தின்னும். இனத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் சில வருடங்கள் வரை அது நீருக்குள்ளேயே வளர்கிறது. இறுதியில் ஒரு தண்டைப் பற்றி மேலேறி, முதுகுத் தோலைப் பிளந்து, தும்பியாக வெளியே வருகிறது. நாம் காணும் பறக்கும் வாழ்க்கை அதன் ஆயுளில் கடைசிச் சிறு பகுதியே.

இதைக் கேட்டதும் தாய்மார் ஒருவர், "அப்படியென்றால் தும்பி இருந்தால் டெங்கு வராதா?" என்று கேட்டார். நம் எல்லோர் மனதிலும் எழும் கேள்விதான். 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 1,86,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர் பதிவானதை மறக்க முடியுமா? ஆனால் ஆசிரியை கூறிய பதிலை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெங்கு நுளம்பு பெரும்பாலும் சிரட்டையிலும் டயரிலும் பீலியிலும் பூச்சாடித் தட்டிலும் தேங்கும் சிறு நீரில் பெருகுவது. அங்கே தும்பி முட்டையிட வருவது அரிது. குளத்திலும் வயலிலும் உள்ள நுளம்பைத் தும்பி குறைக்கும். வீட்டைச் சுற்றியுள்ள சிரட்டையைக் கவிழ்ப்பது நமது வேலையே!

கடைவீதியின் பின்னால்

மூன்றாவது இடத்துக்கு வந்தபோது பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தண்ணீர் கறுத்து, மெதுவாக நகர்ந்தது. கரையில் பொலித்தீன் பைகள், பழைய செருப்புகள். அரை மணி நேரம் பார்த்தோம். கிடைத்தவை இரண்டே இனங்கள். செம்மஞ்சள் நிறச் சிறகுடைய தும்பி ஒன்று மட்டும் ஏராளமாக இருந்தது. அதன் பெயர் பிரக்கிதெமிஸ் கொண்டமினேட்டா. அழுக்கான நீரையும் தாங்கி வாழக்கூடியது.

மேலே ஏழு இனம், வயலில் பதினொன்று, இங்கே இரண்டு. "இதை வைத்து உடனே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது" என்றார் ஆசிரியை. கீழே மரமில்லை, பாறையில்லை. நிழலையும் ஓடும் நீரையும் விரும்பும் இனங்கள், நீர் சுத்தமாக இருந்தாலும் இங்கே வராமல் இருக்கலாம். ஒரு நாள் எண்ணிக்கை ஒரு நாளின் கதையையே சொல்லும். அதே இடத்தில், அதே நேர அளவில், மாதா மாதம் பார்த்து எழுதினால்தான் உண்மை புலப்படும்.

அவர் சொன்னது சரிதான். ஆனாலும் என் கண் வேறொன்றில் நிலைத்துவிட்டது. எதிர்க்கரையில் வரிசையாக ஏழு வீடுகளின் பின்சுவர்கள். அவற்றிலிருந்து ஓடையை நோக்கி நீண்ட குழாய்கள். மூன்றாவது குழாய் எங்கள் வீட்டினுடையது. நான் காலையில் கழுவிவிட்டு வந்த சோற்றுச் சட்டியின் நீரும் துணி துவைத்த சவர்க்கார நீரும் அதன் வழியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தன. என் சமையலறைக்கு முன்வாசல் பக்கம் தெரியும். பின்பக்கத்தை அன்றுதான் நான் பார்த்தேன், சகோதரிகளே.

மகள் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'குழாய்கள்: 7' என்று எழுதியிருந்தாள். எங்கள் வீட்டை அவள் விட்டுவிடவில்லை.

ஒரு திகதியின் மதிப்பு

"சின்னப் பிள்ளைகள் கொப்பியில் எழுதுவதால் என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கக் கூடும். இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

எமது அயல்நாடான மாலைதீவைப் பாருங்கள். பவளத் தீவுகளான அவற்றில் தரைமேல் நன்னீர் கிடையாதென்றே சொல்லலாம். தும்பி முட்டையிட இடமில்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் வாக்கில் தும்பிகள் திரள் திரளாக வந்து இறங்குகின்றன. அங்கே வாழ்ந்த சார்ள்ஸ் அண்டர்சன் எனும் கடலுயிரியலாளர், அவை எப்போது தென்படுகின்றன என்பதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து குறித்து வைத்தார். அந்தத் திகதிகளையும் காற்றின் போக்கையும் ஒப்பிட்டு, இவை இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாக இந்து சமுத்திரத்தைக் கடந்து கிழக்கு ஆபிரிக்கா நோக்கிச் செல்கின்றன என்று 2009ஆம் ஆண்டில் எழுதினார். போக வர 14,000 முதல் 18,000 கிலோமீற்றர் என்பது அவரது கணிப்பு. ஒரே தும்பி முழுப் பயணத்தையும் முடிப்பதில்லை. நான்கு தலைமுறைகள் சேர்ந்து அதனை முடிக்கின்றன. பன்டாலா ஃபிளவசென்ஸ் எனும் அந்தத் தும்பி மாரி காலத்தில் நம் வீட்டு முற்றத்துக்கு மேலும் கூட்டமாகப் பறப்பதுதான்!

மற்றையது நம் நாட்டுச் செய்தி. இலங்கையில் 120க்கும் மேற்பட்ட தும்பி இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய அரைவாசி உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றுள் சிங்கலெஸ்டெஸ் ஓரியென்டாலிஸ் எனும் ஊசித்தும்பி 1862ஆம் ஆண்டில் விஞ்ஞான உலகுக்கு விவரிக்கப்பட்டது. பின்னர் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே அஞ்சினார்கள். ஆனால் நாம் பாவா ஆதம் மலை என்று சொல்லும் மலையைச் சூழ்ந்த வனத்தில் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. யாரோ ஒருவர் போய்ப் பார்த்தபடியால்தான் அது இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது.

இது ஆண்களின் வேலை என்றும் எண்ணிவிடாதீர்கள். இலங்கைத் தும்பிகளைப் பற்றி 2014ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான நூலின் ஆசிரியர்கள் நால்வரில் கெரன் கொனிஃப், நான்சி வன் டெர் பூர்ட்டன் ஆகிய இருவரும் பெண்களே.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒரு கொப்பியை எடுங்கள். திகதி, நேரம், இடம், வெயிலா மழையா, என்ன கண்டோம், எத்தனை, படம் உண்டா என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுங்கள், பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். இணைய வசதியுள்ளவர்கள் ஐநேச்சுரலிஸ்ட் எனும் தளத்தில் படத்தை இட்டால் அறிந்தவர்கள் இனத்தைச் சொல்லி உதவுவார்கள். ஆனால் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை இட வேண்டாம். வீட்டருகே எடுத்த படமானால் சரியான இடத்தை மறைத்துவிடுங்கள்.

தனியே போகாதீர்கள், கூட்டமாகவே போங்கள். நீச்சல் தெரியாத பிள்ளையை நீரின் விளிம்புக்கு விட வேண்டாம். மேலே மலையில் மழை இருண்டால் ஓடையை விட்டு உடனே வெளியேறி விடுங்கள். வயல் நீரில் எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. காலில் புண்ணுள்ளவர்கள் இறங்கக் கூடாது. மூடிய சப்பாத்தும், குடிநீரும், குடையும் மறவாதீர்கள்.

நாங்கள் இதுவரை ஆறு தடவை எண்ணிவிட்டோம். லுஹருக்கு முன் வீடு திரும்பிவிடலாம் என்பதால் இப்போது கூடுதலான தாய்மார் வருகிறார்கள். பிள்ளையின் வாப்பா பின்வளவில் குழி தோண்டி, கல்லும் மணலும் இட்டு எங்கள் குழாயை அதற்குள் திருப்பிவிட்டார். பக்கத்து வீட்டாரும் அப்படியே செய்தார்கள். மற்ற ஐந்து குழாய்களும் இன்னும் ஓடையில்தான். கொப்பியில் இப்போது 'குழாய்கள்: 5' என்றிருக்கிறது. மூன்றாவது இடத்தில் தும்பி இனம் இரண்டாகவே நிற்கிறது, ஒரு மாதம் மட்டும் மூன்று. பச்சைச் சிறகு கீழே வரவில்லை. வராமலே போகவும் கூடும். ஆனால் அது மேலே இருக்கிறதா என்று ஒவ்வொரு மாதமும் போய்ப் பார்க்கிறோம்.

எண்ணி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்ட மாமி, நாங்கள் வாசலில் கால் வைக்கும்போதே, "இன்டைக்கு எத்தன?" என்று கேட்கிறார்.

சகோதரிகளே, அடுத்த முறை உங்கள் பிள்ளை தும்பிக்குக் கட்ட நூல் கேட்டு வந்தால், தையல் பெட்டியைத் திறக்காதீர்கள். ஒரு கொப்பியையும் பென்சிலையும் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். போகும் வழியில் உங்கள் வீட்டின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.